கலன் வாங்கும் முன் வினையின் வேகத்தை அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ஆடி, ஆவணியில் தோட்டமெங்கும் ரப்பர் விதை உதிர்ந்து கிடக்கும். அதன் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்ற எண்ணம் நம் குமரி மாவட்டத்தில் பல இளைஞர்களுக்கு உண்டு. தேங்காய் எண்ணெயில் சோப்பு தயாரிக்க முனைவோரும் இருக்கிறார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் இத்தகைய திட்ட அறிக்கைகளில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. 'வினை நேரம் 60 நிமிடம், கலன் 500 லிட்டர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த 60 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இருக்காது. எங்கோ, யாரோ, வேறு எண்ணெயில், வேறு கலக்கியில் எடுத்த எண் அது. அதை நம்பிப் பல லட்சம் ரூபாய்க்கு எஃகுக் கலன் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு வெட்டுவதைப் போன்றது.

வினைக்கலனின் (வேதிவினை நடக்கும் தொட்டியின்) அளவைத் தீர்மானிப்பது வினையின் வேகச் சமன்பாடு, அதாவது பொருள்களின் செறிவோடு வேகம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் வேக விதி. அதைச் சோதனையில்தான் கண்டறிய முடியும். அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பியூரெட், பிப்பெட், வெப்பமானி, நிறுத்து கடிகாரம், வெப்பநிலையை நிலையாக வைக்கும் நீர்த்தொட்டி ஆகியவை போதும். மாவட்டத்தின் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இவை உண்டு. மாணவர்களுக்கும் தொழில் முனைவோருக்கும் பயன்படட்டும் என்று செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடமளிக்க வேண்டுகிறோம்.

முதல் தவறு வேதிச் சமன்பாட்டைப் பார்த்தே வேக விதியை எழுதிவிடுவது. ஒரு மூலக்கூறு இதுவும் ஒரு மூலக்கூறு அதுவும் சேர்கின்றன, ஆகவே வேகம் இரண்டு செறிவுகளின் பெருக்கலுக்கு நேர்விகிதம் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஹைட்ரஜனும் புரோமினும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு ஆகும் வினை காகிதத்தில் மிக எளிது. அதன் வேக விதியிலோ புரோமின் செறிவின் வர்க்கமூலம் வருகிறது. விளைபொருளான ஹைட்ரஜன் புரோமைடே அந்த விதியின் பின்னத்தில் கீழே அமர்ந்து வேகத்தைக் குறைக்கிறது. சமன்பாட்டை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. வில்ஹெல்மி 1850-ல் கரும்புச் சர்க்கரை அமிலத்தில் பிரியும் வேகத்தை அளந்தபோதும், தளவிளைவுற்ற ஒளியின் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியின்) திருப்பத்தை நேரத்துக்கு நேரம் குறித்துத்தான் விதியைக் கண்டார். வினை வகை, அதாவது செறிவின் எத்தனையாம் அடுக்குக்கு வேகம் நேர்விகிதம் என்பது, சோதனை தரும் எண் என்று பிளஸ் 2 பாடத்திலேயே இருக்கிறது. மதிப்பெண் வாங்கியதும் அதை மறந்துவிடுகிறோம்.

பயிற்சிக்கு ஏற்ற வினை எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்வது. செலவு குறைவு, அறை வெப்பநிலையிலேயே நடக்கும், விடையும் நன்கு அறியப்பட்டது. விடை தெரிந்த வினையில் கை பழகிய பிறகே விடை தெரியாத ரப்பர் விதை எண்ணெய்க்குப் போக வேண்டும்.

0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 250 மில்லி, 0.1 மோலார் எத்தில் அசிட்டேட் 250 மில்லி தயாரித்துக்கொள்ளுங்கள். எஸ்டர், அதாவது எத்தில் அசிட்டேட், 2.2 கிராம் தேவை, ஏறத்தாழ 2.45 மில்லி. அது சட்டென ஆவியாகும். ஆகவே அளவுக்குடுவையில் முதலில் பாதி நீரை ஊற்றி, பிப்பெட் நுனியை நீருக்குள் அமிழ்த்தி எஸ்டரை விட்டு, உடனே மூடிக் குலுக்க வேண்டும். கரைசலை அன்றே பயன்படுத்துங்கள், இரவு வைத்தால் தானாகவே சிறிது சிதையும். காரக் கரைசலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சிவடித்த நீர் வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காரம் இழுத்துக்கொள்ளும் என்பதால், சோதனை நாளன்றே ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பார்த்து (பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து) அதன் வலிமையை உறுதிசெய்ய வேண்டும். போன வாரப் புட்டியின் மேல் எழுதிய எண்ணை நம்பக்கூடாது.

இரண்டு குடுவைகளையும் 30 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் கால் மணி நேரமாவது வைத்து, வெப்பமானியைக் கரைசலுக்குள்ளேயே நுழைத்துப் பாருங்கள். தொட்டியின் வெப்பநிலையும் கரைசலின் வெப்பநிலையும் ஒன்றல்ல. இந்த வினையில் ஒரு டிகிரி பிசகினால் வேக மாறிலி (வேக விதியில் செறிவுகளைப் பெருக்கும் நிலையான எண்) ஏறத்தாழ 6 சதவீதம் பிசகும். பிறகு ஒன்றை மற்றொன்றில் ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்கி, பாதி ஊற்றிய நொடியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். 1, 2, 5, 10, 20 நிமிடங்களில் 10 மில்லி மாதிரி எடுத்து, முன்கூட்டியே அளந்து வைத்திருக்கும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லியில் விடுங்கள். அமிலம் மிகையாக இருப்பதால் வினை அங்கேயே நின்றுவிடும். மிஞ்சிய அமிலத்தை 0.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க வேண்டும்.

இங்கே நிறங்காட்டி பினாப்தலீன்தான், மெத்தில் ஆரஞ்சு கூடாது. வினையில் உண்டான சோடியம் அசிட்டேட், மிகை அமிலத்தில் விழுந்ததும் அசிட்டிக் அமிலமாகிவிடும். பினாப்தலீன் நிறம் மாறும் புள்ளிக்குள் அதுவும் முழுமையாகத் தரம் பார்க்கப்பட்டுவிடுவதால் கணக்கு சரியாக வரும். மெத்தில் ஆரஞ்சு அதற்கு முன்பே நிறம் மாறிவிடும். அசிட்டிக் அமிலம் கணக்கில் வராமல் போய், காரம் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதாகவும் வினை மெதுவாக நடப்பதாகவும் தோன்றும். இன்னொன்று, குடுவையில் வினைபுரியாத எஸ்டர் இருப்பதால் இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் மங்கும். மங்குகிறதே என்று மேலும் சொட்டு விடாதீர்கள். குடுவை முழுவதும் பரவும் முதல் இளஞ்சிவப்பே முடிவு.

இரு கரைசல்களும் சமமாகக் கலந்ததால் தொடக்கச் செறிவு 0.1 அல்ல, 0.05. மாணவர் குறிப்பேடுகளில் மிகுதியாகக் காணும் பிழை இதுவே. 30 டிகிரியில் இந்த வினையின் வேக மாறிலி ஏறத்தாழ 0.15 லிட்டர்/மோல்-நொடி. அதன்படி பியூரெட் அளவு முதல் நிமிடத்தில் 13.1 மில்லி, ஐந்தாம் நிமிடத்தில் 16.9, இருபதாம் நிமிடத்தில் 19.0 அளவில் வர வேண்டும். முழுவதும் முடிந்தால் 20. காரச் செறிவின் தலைகீழ் மதிப்பை நேரத்துக்கு எதிராக வரைந்தால் 20-ல் தொடங்கி 29, 38, 65, 110, 200 என்று நேர்கோட்டில் ஏறும். நிமிடத்துக்கு 9 வீதம், அதாவது நொடிக்கு 0.15 வீதம் ஏறுகிறது, அந்தச் சாய்வே வேக மாறிலி. கோடு செங்குத்து அச்சை 20-ல் வெட்டவில்லை என்றால் தொடக்கச் செறிவிலோ கடிகாரத்தைத் தொடங்கிய நொடியிலோ தவறு இருக்கிறது. கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அங்கே பியூரெட்டில் 0.1 மில்லி தவறினால் செறிவில் 10 சதவீதம் தவறும். அந்த மாதிரியை மட்டும் 25 மில்லியாக எடுத்து, அமிலத்தையும் அதற்கேற்பக் கூட்டினால் பிழை குறையும்.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். முதல் நிமிடத்து மாதிரியோடு நிறுத்திக்கொண்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 31 சதவீதம் மாறியிருக்கும். அந்த அளவுக்குள் முதல் வகை வினைக்கான வரைபடமும் நேர்கோடாகத் தெரியும், இரண்டாம் வகைக்கான வரைபடமும் நேர்கோடாகத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. முதல் வகை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 90 சதவீத மாற்றத்துக்கு 6 நிமிடம் சற்றுக் கூடுதலாகப் போதும் என்று விடை வரும். உண்மையில் வேண்டியது 20 நிமிடம். எனவே 80 சதவீத மாற்றம் தாண்டும் வரை மாதிரி எடுக்க வேண்டும். அதோடு தொடக்கச் செறிவுகளைப் பாதியாக்கி மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டாம் வகையானால் அரை வாழ் காலம் (செறிவு பாதியாகக் குறையும் நேரம்) 133 நொடியிலிருந்து 266 நொடியாக இரட்டிக்கும். முதல் வகையானால் மாறாது. இந்த ஒரு மறுசோதனை வரைபடத்தைவிட உறுதியான சாட்சி.

இந்த எண்களைக் கலனுக்குக் கொண்டுபோனால் வேறுபாடு கண்ணில் அறையும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கலவை, 90 சதவீத மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். கலவை முன்பின் கலக்காமல் வரிசையாக நகரும் குழாய்க் கலன் என்றால் 20 நிமிடம், அதாவது 200 லிட்டர் போதும். அதே வேலையைத் தொடர்ந்து நிரம்பி வழியும் ஒரே கலக்கித் தொட்டியில் செய்தால் 200 நிமிடம், அதாவது 2,000 லிட்டர் வேண்டும். பத்து மடங்கு! காரணம், நன்கு கலக்கிய தொட்டி முழுவதும் வெளியேறும் செறிவிலேயே இருக்கிறது. செறிவு பத்தில் ஒன்றானால் இரண்டாம் வகை வினையின் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு தொட்டிக்குப் பதில் சமமான இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்தால் தலா 303 லிட்டர், மொத்தம் 610 லிட்டருக்குள் முடிந்துவிடும். இதுவே முன் சொன்ன முதல் வகைத் தவறோடு ஒற்றைத் தொட்டியைக் கணக்கிட்டிருந்தால் 243 லிட்டர் என்று வந்திருக்கும். அதை வாங்கி ஓட்டினால் 90 வர வேண்டிய இடத்தில் 74 சதவீதம்தான் வரும். கலன் செய்தவர் மேல் பழி விழும். பிழையோ முதல் நிமிடத்தோடு பியூரெட்டை மூடி வைத்ததில் இருக்கிறது.

தொகுதி தொகுதியாக இயக்கும் கலனில் வினை நேரம் 20 நிமிடமே. ஆனால் நிரப்ப, காலிசெய்ய, கழுவ 40 நிமிடம் ஆகுமானால் அதே உற்பத்திக்கு 600 லிட்டர் வேண்டும். இந்த 40 நிமிடத்தை மறந்துவிடும் அறிக்கைகள் பல.

அலகுகளைப் பற்றி ஒரே வார்த்தை. 25 டிகிரியில் இந்த மாறிலி நொடிக்கணக்கில் 0.11, நிமிடக்கணக்கில் 6.6. எதை எடுத்தோம் என்று எழுதாவிட்டால் கலன் 60 மடங்கு சிறியதாகவோ பெரியதாகவோ போய் முடியும்.

அடுத்தது வெப்பநிலை. குறைந்தது நான்கு வெப்பநிலைகளில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் 25-க்குப் பனிக்கட்டி தேட வேண்டியிருக்கும், எனவே 30, 35, 40, 45 வசதி. 45 டிகிரியில் அரை வாழ் காலம் ஒரு நிமிடத்துக்கும் கீழே போய்விடும், அங்கே செறிவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அர்ரீனியஸ் 1889-ல் தந்த முறைப்படி வேக மாறிலியின் இயல் மடக்கையை கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்து, இறங்கும் சாய்வின் அளவை 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல்) ஜூலில் கிடைக்கும். செல்சியஸில் வரைந்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்த வினைக்கு மோலுக்கு 47 கிலோஜூல் அளவில் வர வேண்டும். 'பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும்' என்ற பழைய கணக்கு, கிளர்வு ஆற்றல் 50-ஐ ஒட்டியிருக்கும் வினைகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதை விரிக்கக்கூடாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனையே பாருங்கள். தேனைச் சூடாக்கினால் ஹைட்ராக்சிமெத்தில் பர்பியூரல் என்ற பொருள் உண்டாகி அதன் தரம் கெடும். பரவலாகப் பயன்படும் அளவீடுகளின்படி, ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர 30 டிகிரியில் 150 முதல் 250 நாள் ஆகும். 60 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டரை நாள், 80 டிகிரியில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் நான்கு, ஐந்து மடங்கு. இரட்டிக்கும் என்று நம்பித் தேன் பதப்படுத்தும் தொட்டியின் சூட்டைக் கூட்டுபவர் நல்ல தேனை இழப்பார்.

ரப்பர் விதை எண்ணெய்க்கு வருவோம். இதில் தனிக் கொழுப்பு அமிலம் அதிகம். கேரளத்தில் நடந்த ஆய்வுகளில் 17 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது, அமில எண் (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தைச் சமன்செய்யும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) 34. இதில் நேரே சோடியம் ஹைட்ராக்சைடைப் போட்டால் சோப்பு உண்டாகி, கிளிசரினும் பயோடீசலும் பிரியாமல் கூழாக நிற்கும். ஆகவே முதல் கட்டத்தில் கந்தக அமிலத்தை ஊக்கியாக வைத்து மெத்தனாலோடு எஸ்டராக்கி, தனி அமிலத்தை ஒரு சதவீத அளவுக்குக் குறைக்க வேண்டும். 17-லிருந்து 1 என்றால் 94 சதவீத மாற்றம். இந்த வினை மீள்வினை. இதன் வேகச் சமன்பாட்டில் முன்வினைக்கு ஓர் உறுப்பும், உண்டாகும் எஸ்டரும் நீரும் எதிர்த்துத் தள்ளுவதற்கு ஓர் உறுப்பும் வேண்டும். பின் உறுப்பை விட்டுவிட்டால், நேரத்தைக் கூட்டினால் எவ்வளவும் மாறும் என்று கணக்கு ஆசை காட்டும். தொட்டியிலோ அமில எண் ஓரிடத்தில் வந்து அப்படியே நின்றுவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் சூடாக்குவதால் பயனில்லை. நீர் கலந்த மெத்தனால் அடுக்கைப் பிரித்தெடுத்துவிட்டுப் புது மெத்தனால் விட வேண்டும். விதை ஈரச் சாக்கில் மாதக்கணக்கில் கிடந்தால் அமில எண் ஏறிக்கொண்டே போகும், எனவே புது விதையில் எடுத்த நேரம் பழைய விதைக்கு உதவாது. ஒவ்வொரு வரவுக்கும் அமில எண் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வினையில் மாதிரி எடுக்கும்போது கந்தக அமிலமும் பியூரெட் கணக்கில் ஏறிவிடும். மாதிரியைப் பனிநீரில் குளிரவைத்து, நீரால் கழுவி, உலர்த்தி, பிறகு ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.1 நார்மல் காரம் 6 மில்லி செலவாகும். அமில எண் 2-ஐ நெருங்கும்போது 5 கிராம் எடுத்தாலும் 1.8 மில்லிதான் செலவாகும். கடைசி வரை ஒரே எடையில் மாதிரி எடுப்பவர்களின் வரைபடம் வால் பகுதியில் சிதறுவது இதனால்தான்.

மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். 60-ல் வேலை செய்யும்போது மேலே குளிர்விப்பான் சரியாக இல்லாவிட்டால் மெத்தனால் ஆவியாகிக் குறையும், வினை தளர்ந்ததுபோல் வரைபடம் வளையும். மெத்தனால் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பிடிப்பதும்கூட. அருகில் திறந்த தீ கூடவே கூடாது.

எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றில் ஒன்று எளிதில் கரையாதவை. இதனால் நீங்கள் அளப்பது வேதிவினையின் வேகமா, கலக்கியின் வேகமா என்ற கேள்வி எழுகிறது. நிமிடத்துக்கு 300, 600, 900 சுற்றுகளில் ஒரே சோதனையைச் செய்யுங்கள். 600-க்கும் 900-க்கும் வேறுபாடு இல்லை என்றால்தான் கிடைத்த மாறிலி வினைக்கு உரியது. கிளர்வு ஆற்றல் 10, 15 கிலோஜூல் என்று மிகக் குறைவாக வந்தால், அளந்தது கலக்கும் வேகத்தையே என்பதற்கு அதுவும் எச்சரிக்கையே. இரண்டாம் கட்டமான கார வினையில் மாற்றம் முதலில் மந்தமாகவும், பிறகு விரைந்தும், கடைசியில் மீண்டும் தளர்ந்தும் போகும். 1997-ல் வெளிவந்த சோயா எண்ணெய் ஆய்வு ஒன்று இந்த வளைவைத் தெளிவாகக் காட்டியது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பிலும் இப்படித்தான். முதலில் உண்டாகும் சோப்பே எண்ணெயையும் காரநீரையும் கலக்க உதவி, வினையைத் தானே விரைவுபடுத்துகிறது. இங்கே எளிய இரண்டாம் வகைச் சமன்பாட்டைத் திணித்தால் பொருந்தாது. ஆய்வகத்தில் அரை லிட்டர் குடுவையில் காந்தக் கலக்கி சுழல, தொழிற்கூடத்தில் 500 லிட்டர் தொட்டியில் ஒற்றைத் துடுப்பு மெல்லச் சுற்றினால், ஆய்வக நேரம் அங்கே ஒருபோதும் கிடைக்காது.

வெப்பமும் அளவோடு மாறும். ஒரு லிட்டர் குடுவையை அதே வடிவில் ஆயிரம் லிட்டராக்கினால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர்ப் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடும். நீர்த்த எத்தில் அசிட்டேட் சோதனையில் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அடர் காரத்தில் சோப்புத் தொட்டியை இயக்கினால், வினை விரையும் கட்டத்தில் பொங்கி வழிந்து ஆளைச் சுட்டுவிடும். காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டமாக ரப்பர் விதை எண்ணெயை எடுக்கும் மாணவர்கள், விளைச்சல் எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல், நேரத்துக்கு நேரம் எடுத்த அளவீடுகளைப் பதிவுசெய்ய ஆசிரியர்கள் வழிநடத்த வேண்டும். விளைச்சல் எண்ணை வைத்து எவராலும் கலன் வடிவமைக்க முடியாது. இரண்டாவதாக, இத்தகைய தொழில்களுக்குக் கடன் பரிந்துரைக்கும் அலுவலகங்களும் வங்கிகளும் திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எண்ணெயின் அமில எண், நான்கு வெப்பநிலைகளில் எடுத்த வேக மாறிலி அலகுகளோடு, 80 சதவீத மாற்றம் தாண்டிய வரைபடம், மூன்று கலக்கு வேகங்களில் பார்த்த ஒப்பீடு, நிரப்பிக் கழுவும் நேரம் ஆகியவை இருக்கட்டும். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வாரத்தில் முடியும் வேலை இது.

இப்படிக்கு,
வேதிப்பொறியியல் ஆசிரியர்கள் இருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.